இரண்டு கேபிள் இருந்தும் இணைப்பு அறுவது ஏன்? அலுவலகக் கணினிகளையும் கிளவுடையும் பிணைக்கும் வழித்தடம்: ஒரு விளக்கம்

தேசிய பங்குச் சந்தையில் 2021-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் தேதி முற்பகல் 11.40 மணியளவில் வர்த்தகம் நிறுத்தப்பட்டது. மீண்டும் வழக்கமான வர்த்தகம் தொடங்கியபோது பிற்பகல் 3.45 மணி. வழக்கமாக 3.30 மணிக்கு முடிவடையும் சந்தை, அன்று மாலை 5 மணி வரை நீட்டிக்கப்பட்டது. இணையத் தாக்குதல் எதுவும் நிகழவில்லை. சந்தையின் முதன்மைத் தரவு மையத்துக்கும், அதற்கு அருகே அமைந்த துணை மையத்துக்கும் இடையிலான தொலைத்தொடர்பு இணைப்புகள் நிலைகுலைந்ததே தொடக்கக் காரணம்.

அந்த இணைப்புகளை வழங்கியது ஒரு நிறுவனம் அல்ல, இரண்டு தொலைத்தொடர்பு நிறுவனங்கள். இரண்டின் இணைப்புகளும் ஒரே காலைப்பொழுதில் தடுமாறின. வழித்தடத்தில் நடைபெற்ற தோண்டும் பணியும் கட்டுமானப் பணியும் இதற்கு முதன்மைக் காரணம் என்று பங்குச் சந்தை நிர்வாகம் பின்னர் விளக்கம் அளித்தது. இணைப்பு தடுமாறிய வேளையில் தரவுச் சேமிப்புக் கட்டமைப்பும் எதிர்பார்த்தபடி செயல்படாததால், தீர்வுக் கழகத்தின் இடர் மேலாண்மை அமைப்பு முடங்கியது. இடர் கண்காணிப்பு இன்றி வர்த்தகத்தை அனுமதிக்க இயலாது என்பதால் சந்தையே நிறுத்தப்பட்டது.

மாற்று ஏற்பாடு இல்லாததால் இது நேரவில்லை. மாற்று ஏற்பாடு இருந்தும் நேர்ந்தது. வங்கிகள், காப்பீட்டு நிறுவனங்கள், மருத்துவமனைகள், அரசுத் துறைகள் எனப் பலவும் தங்கள் கணினிப் பணிகளில் ஒரு பகுதியை கிளவுட் எனப்படும் மேகக் கணிமைக்கு மாற்றி, மறுபகுதியைத் தங்கள் கட்டடத்திலேயே வைத்திருக்கும் இன்றைய நிலையில், அந்த இரண்டையும் இணைக்கும் வழித்தடம் பற்றிய கேள்வி முன்னெப்போதையும் விடக் கூர்மையாகியுள்ளது.

பாதி இங்கே, பாதி அங்கே

அமேசான் நிறுவனம் 2016-ஆம் ஆண்டு மும்பையிலும், 2022-ஆம் ஆண்டு ஹைதராபாத்திலும் தனது கிளவுட் மண்டலங்களைத் திறந்தது. மைக்ரோசாஃப்ட் 2015-ஆம் ஆண்டிலேயே புணே, சென்னை, மும்பை ஆகிய நகரங்களில் இருந்து சேவையைத் தொடங்கிவிட்டது. கூகுள் 2017-இல் மும்பையிலும், 2021-இல் டெல்லியிலும் கால் பதித்தது. கட்டணச் சேவைகள் தொடர்பான தரவுகள் இந்தியாவுக்குள் மட்டுமே சேமிக்கப்பட வேண்டும் என்று இந்திய ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் உத்தரவிட்டது. உள்நாட்டிலேயே மண்டலங்கள் இருந்ததால், அந்த உத்தரவுக்குப் பிறகும் நிதி நிறுவனங்களுக்கு கிளவுட் பாதை மூடப்படவில்லை.

ஆயினும் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிவிட முடிவதில்லை. வங்கியின் மையக் கணக்கு மென்பொருள் பல ஆண்டுகளாகச் சொந்தத் தரவு மையத்தில் இயங்கி வருவது. அதை இடம் பெயர்ப்பது பெரும் அறுவைச் சிகிச்சைக்கு ஒப்பானது. தொழிற்சாலையின் இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி, இயந்திரத்தின் அருகில்தான் இருந்தாக வேண்டும். மருத்துவமனையின் ஸ்கேன் படங்கள் அளவில் பெரியவை. ஆகவே பாதி இங்கே, பாதி அங்கே என்ற கலப்பு ஏற்பாடு இடைக்கால நிலையாகத் தொடங்கி, பல இடங்களில் நிரந்தர நிலையாகவே மாறிவிட்டது.

வாடிக்கையாளர் ஒருவர் கைபேசிச் செயலியில் கடனுக்கு விண்ணப்பிப்பதாகக் கொள்வோம். செயலி இயங்குவது மும்பை கிளவுட் மண்டலத்தில். அவரது கணக்கு இருப்பு பதிவாகியிருப்பது வங்கியின் சொந்தத் தரவு மையத்தில். அவர் பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் கேள்வி ஒன்று கிளவுடிலிருந்து தரவு மையத்துக்குச் சென்று பதிலுடன் திரும்புகிறது. இடையிலுள்ள இணைப்பு அறுந்தால், இரு முனைகளிலும் கணினிகள் நலமாக இருந்தும், அவர் திரையில் காண்பது "சற்று நேரம் கழித்து முயலவும்" என்ற வாசகத்தை மட்டுமே.

இணைக்கும் வழிகள்

பொது இணையத்தின் வழியே, மறையாக்கம் செய்யப்பட்ட விபிஎன் சுரங்கப் பாதையை அமைத்துக்கொள்வது முதல் வழி. சில மணி நேரத்தில் அமைத்துவிடலாம், செலவும் குறைவு. ஆனால் பொது இணையத்தின் நெரிசலையும் அது சுமந்தாக வேண்டும். மாலை நேரத்து நகரச் சாலையில் செல்லும் பேருந்தைப் போல, வந்து சேரும் நேரத்தை உறுதியாகச் சொல்ல இயலாது.

இரண்டாவது வழி, தனிக் குத்தகை இணைப்பு. நிறுவனத்தின் தரவு மையத்திலிருந்து, கிளவுட் நிறுவனத்தின் கருவிகள் வைக்கப்பட்டுள்ள சந்திப்பு மையம் வரை தனி இழை இழுக்கப்படுகிறது. பொது இணையத்தை அது தொடுவதில்லை. வேகம் நொடிக்கு 1 கிகாபிட், 10 கிகாபிட் என்று தொடங்கி 100 கிகாபிட் வரையும் அதற்கு மேலும் செல்லும். இதை அமைக்க வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். அவ்வளவு திறன் தேவைப்படாதவர்கள், ஏற்கெனவே அந்தச் சந்திப்பு மையத்தில் இணைப்பு வைத்திருக்கும் தொலைத்தொடர்பு நிறுவனத்திடம் ஒரு பங்கை மட்டும் வாடகைக்குப் பெறுவது வழக்கம்.

தேவையை மதிப்பிட எளிய கணக்கு ஒன்று உதவும். 10 டெராபைட் தரவை நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அனுப்ப ஒன்பது நாள்களுக்கு மேல் ஆகும். 1 கிகாபிட் இணைப்பில் அதே பணி, தடையின்றி நடந்தால், ஏறத்தாழ 22 மணி நேரத்தில் முடியும்.

தனி இணைப்பு என்றாலே பாதுகாப்பானது என்று கருதும் பழக்கமும் உண்டு. அது தனியானது, ஆனால் பெரும்பாலும் தானாகவே மறையாக்கம் செய்யப்படுவதில்லை. மறையாக்கத்தைத் தனியே கேட்டுப் பெற வேண்டும்.

இரண்டு என்பது எப்போது இரண்டு?

ஓர் இணைப்பு ஆண்டில் 99.9 சதவீத நேரம் இயங்கும் என்று உறுதி அளிக்கப்பட்டால், கேட்பதற்கு நிறைவாகவே இருக்கும். கணக்கிட்டால் ஆண்டுக்கு எட்டே முக்கால் மணி நேரம் இயங்காமல் இருக்கலாம் என்பது அதன் பொருள். நிறுவனத்தின் ரவுட்டர், தொலைத்தொடர்பு இழை, சந்திப்பு மையக் கருவி ஆகிய மூன்றும் தலா 99.9 சதவீதம் இயங்கினால், ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் அந்தச் சங்கிலியின் மொத்த மதிப்பு 99.7 சதவீதமாகக் குறைந்துவிடும். அதாவது ஆண்டுக்குச் சுமார் 26 மணி நேரம்.

அதே 99.9 சதவீத இணைப்புகள் இரண்டை அருகருகே வைத்தால் நிலைமை தலைகீழாகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் பழுதாகும் வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்று. ஆண்டுக்கு 32 நொடிக்கும் குறைவு. ஒப்பந்தப் புள்ளி ஆவணங்களில் பலரையும் மயக்குவது இந்தக் கணக்குதான். ஒரு இணைப்பின் பழுதுக்கும் மற்றதன் பழுதுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்ற எடுகோளின் மீது அது நிற்கிறது. இந்தியச் சாலைகளில் அந்த எடுகோள் எளிதில் நிறைவேறுவதில்லை.

நாட்டில் முன்னறிவிப்பின்றித் தோண்டப்படுவதால் ஆண்டுதோறும் சுமார் 10 லட்சம் முறை கண்ணாடி இழைக் கேபிள்கள் துண்டிக்கப்படுவதாகவும், இதனால் ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய் இழப்பு ஏற்படுவதாகவும் மத்திய அரசு தெரிவித்துள்ளது. தோண்டுவோரையும் கேபிள் உரிமையாளர்களையும் இணைக்கும் செயலி ஒன்றை 2023 மார்ச் 22-ஆம் தேதி பிரதமர் நரேந்திர மோடி தொடங்கி வைத்ததன் பின்னணி இதுவே.

இரு வேறு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்கினாலும், அவ்விரண்டின் இழைகளும் ஒரே சாலையோரக் குழாயில், ஒரே பாலத்தின் அடியில் செல்லக்கூடும். ஒரு நிறுவனம் தன் இழையின் ஒரு பகுதியை மற்றதனிடமிருந்தே வாடகைக்கு எடுத்திருப்பதும் உண்டு. மண்வாரி இயந்திரத்தின் ஒரே கரண்டி இரண்டையும் அறுத்துவிடும். விலைப்பட்டியலில் இருந்த இரண்டு, மண்ணுக்கடியில் ஒன்றாகவே இருந்தது அப்போதுதான் தெரியவரும்.

கட்டடத்துக்குள்ளும் இதே கதைதான். இரு இழைகளும் ஒரே நுழைவாயில் வழியே வந்து, ஒரே அலமாரியில், ஒரே மின்சுற்றில் உள்ள ரவுட்டரில் முடிவடைந்தால் மாற்று ஏற்பாடு பெயரளவில்தான். வங்கி ஒன்றின் முதன்மைத் தரவு மையத்தில் நேரும் மின்தடை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு 2020 நவம்பரில் எச்டிஎஃப்சி வங்கியில் நிகழ்ந்தது சான்று. அதைத் தொடர்ந்து, புதிய டிஜிட்டல் சேவைகளையும் புதிய கடன் அட்டைகளையும் வழங்குவதைத் தற்காலிகமாக நிறுத்துமாறு ரிசர்வ் வங்கி அவ்வங்கிக்கு டிசம்பரில் உத்தரவிட்டது.

கிளவுட் நிறுவனங்கள் தங்கள் உயர்ந்தபட்ச உறுதிமொழியை ஏன் எளிதில் தருவதில்லை என்பதும் இங்கே விளங்குகிறது. கூகுள் 99.99 சதவீத உறுதி அளிக்க வேண்டுமானால், இரு வேறு பெருநகரங்களில், ஒவ்வொன்றிலும் இரண்டு வீதம் நான்கு இணைப்புகள் தேவை. அந்த உறுதியும் கிளவுட் பக்கத்துக்குத்தான். நிறுவனத்தின் வாயில் முதல் சந்திப்பு மையம் வரையிலான தெரு, நிறுவனத்தின் பொறுப்பு.

டோக்கியோ தந்த பாடம்

பாதைகள் பிரிந்திருந்தாலும் போதாது என்பதை ஜப்பான் கண்டது. 2021 செப்டம்பர் 2-ஆம் தேதி டோக்கியோவில் அமேசானின் தனி இணைப்புச் சேவை காலை 7.30 மணி முதல் சுமார் ஆறு மணி நேரம் பாதிக்கப்பட்டது. நிதி நிறுவனங்களும் விமான நிறுவனங்களும் தடுமாறின. கேபிள் எதுவும் அறுபடவில்லை. தனி இணைப்புகள் வந்து சேரும் அடுக்கிலிருந்த வலையமைப்புக் கருவிகளின் இயக்க மென்பொருளில் மறைந்திருந்த குறையே காரணம். கேபிள் துண்டிப்பு போன்ற அரிய நிகழ்வுகளின்போது வலையமைப்பு விரைவாக மாற்றுப் பாதைக்குத் திரும்ப வேண்டும் என்பதற்காகச் சேர்க்கப்பட்ட புதிய நெறிமுறையில்தான் அந்தக் குறை ஒளிந்திருந்தது. காப்பாற்ற வைத்த கைத்தடியே காலை இடறியது என்று கூறலாம்.

அன்று விபிஎன் இணைப்புகள் பாதிக்கப்படவில்லை என்று அமேசான் தன் விளக்கத்தில் குறிப்பிட்டது. தனி இணைப்பை இரண்டு, மூன்று என்று பெருக்கியவர்களை விட, குறைந்த செலவில் பொது இணையம் வழியே ஒரு விபிஎன் பாதையையும் துணைக்கு வைத்திருந்தவர்களுக்கு அன்று வாய்ப்பு அதிகம். வேறொரு சாலை இருந்தால் மட்டும் போதாது, வேறொரு வகைச் சாலையும் வேண்டும் என்பதே வலையமைப்பு வடிவமைப்பாளர்கள் அதிலிருந்து எடுத்துக்கொண்டது.

அறுந்ததை அறிவது யார்?

இணைப்பு அறுந்தவுடன் போக்குவரத்தை மாற்றுப் பாதைக்குத் திருப்பும் பணியை பிஜிபி என்ற வழிகாட்டு நெறிமுறை கவனிக்கிறது. இரு முனை ரவுட்டர்களும் "நலமாக இருக்கிறேன்" என்று அவ்வப்போது ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பிக்கொள்ளும். அச்செய்தி குறிப்பிட்ட நேரம் வராவிட்டால் பாதை செத்துவிட்டதாகக் கொள்ளப்படும். அந்தக் காத்திருப்பு நேரம் பொதுவாக 90 நொடி, சில கருவிகளில் 180 நொடி. கட்டணப் பரிமாற்றத்தில் 90 நொடி என்பது ஒரு யுகம். அதனால் பிஎஃப்டி என்ற கூடுதல் கண்காணிப்பு முறை சேர்க்கப்படுகிறது. 300 மில்லி நொடிக்கு ஒரு முறை செய்தி அனுப்பி, மூன்று தவறினால் ஒரு நொடிக்குள்ளாகவே பாதை மாற்றப்படும்.

முற்றிலும் அறுந்த இணைப்பைக் கையாள்வது எளிது. அரை உயிருடன் கிடக்கும் இணைப்பே தொல்லை. நலச்செய்திகள் போய்ச் சேரும். பெரிய தரவுகள் பாதியில் தொலையும். இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தால் ரவுட்டர்கள் ஒவ்வொரு முறையும் பாதையை மாற்றி மாற்றி, இருக்கும் போக்குவரத்தையும் குலைத்துவிடும். தேசிய பங்குச் சந்தை தன் விளக்கத்தில் இணைப்புகள் "நிலையின்மை"க்கு உள்ளானதாகக் குறிப்பிட்டது கவனிக்கத்தக்கது.

மாற்றுப் பாதை கிடைத்தபின்னும் ஒரு பொறி காத்திருக்கிறது. இரண்டு இணைப்புகளும் தலா 70 சதவீதம் நிரம்பி ஓடினால், மேலாளரின் திரையில் எல்லாம் பச்சையாகத் தெரியும். ஒன்று அறுந்ததும் மற்றதன் மீது 140 சதவீதச் சுமை விழும், அதுவும் விழுந்துவிடும். ஒவ்வொன்றும் பாதிக்குக் கீழே இயங்கினால்தான் இரண்டாவது இணைப்பு உண்மையான மாற்று. பாதி காலியாகக் கிடக்கும் இணைப்புக்கு ஏன் பணம் செலுத்த வேண்டும் என்று நிதித் துறை கேட்கும் கேள்விக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

ஒளிக்கும் வேகம் உண்டு

கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் செல்கிறது. மும்பைக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தொலைவு ஆயிரம் கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். சென்று திரும்ப 10 மில்லி நொடிக்குக் குறையாது. கேபிள்கள் நேர்க்கோட்டில் செல்வதில்லை; சாலைகளையும் ரயில் பாதைகளையும் ஒட்டி வளைந்து செல்வதால் நடைமுறையில் அது 20 மில்லி நொடி அளவுக்கு உயரும்.

ஒரு முறைக்கு இது ஒன்றுமில்லை. ஆனால் பழைய மென்பொருள் ஒரு திரையைக் காட்டுவதற்குத் தரவுத்தளத்திடம் அடுத்தடுத்து ஐம்பது கேள்விகள் கேட்டால், 20 மில்லி நொடி வீதம் ஒரு முழு நொடி கரைந்துவிடும். இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்தவரை இது வெளியே தெரிந்திருக்காது. செயலியை மட்டும் கிளவுடுக்கு மாற்றிவிட்டுத் தரவுத்தளத்தை விட்டுச் சென்றவர்கள், "இணைப்பு மெதுவாக இருக்கிறது" என்று புகார் கூறுவதன் பின்னணி பெரும்பாலும் இதுதான். வேகமான இணைப்பை வாங்குவதால் இது தீராது. கேள்விகளின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும்.

இயற்பியல் விதிக்கும் இந்த எல்லைதான் துணை மையங்களை அருகிலேயே வைக்கவும் செய்கிறது. ஒரு பதிவு இரண்டு இடங்களிலும் எழுதப்பட்ட பின்னரே பரிவர்த்தனை முடிந்ததாகக் கொள்ளும் முறைக்குச் சில பத்து கிலோமீட்டர் தொலைவே ஏற்றது. அருகில் இருந்தால் தரவு இழப்பு இல்லை. ஆனால் அதே சாலை, அதே வெள்ளம், அதே மண்வாரி இயந்திரம். தொலைவில் இருந்தால் ஆபத்துகள் வேறு. ஆனால் கடைசிச் சில நொடித் தரவு தொலையலாம். தேசிய பங்குச் சந்தை அருகில் ஒன்று, பேரிடர் மீட்புக்குச் சென்னையில் ஒன்று என இரண்டையும் வைத்திருப்பது அதனால்தான்.

சிறிய சிக்கல்கள், பெரிய தலைவலிகள்

அலுவலகத்திலும் கிளவுடிலும் ஒரே கணினி முகவரித் தொகுப்பு பயன்படுத்தப்பட்டால் இரண்டையும் நேரடியாக இணைக்க முடியாது. ஒரே கதவு எண் கொண்ட இரு வீடுகளுக்குக் கடிதம் சேர்ப்பது போன்றது அது. நிறுவனங்கள் ஒன்றோடொன்று இணையும்போது இச்சிக்கல் அடிக்கடி தலைகாட்டும். விபிஎன் பாதையில் மறையாக்கத் தலைப்புகள் சேர்வதால், வழக்கமான 1,500 பைட் பொதி உள்ளே கொள்ளாது. அளவைச் சுமார் 1,400-க்குக் குறைக்க மறந்தால், சிறு செய்திகள் சென்று சேரும், பெரிய கோப்புகள் மட்டும் உறைந்து நிற்கும். காரணம் புரியாமல் பொறியாளர்கள் நாள்கணக்கில் தேடுவதுண்டு.

பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சேவையையும் மறக்கலாகாது. 2021 அக்டோபர் 4-ஆம் தேதி இந்திய நேரப்படி இரவில் ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் ஆகியவை சுமார் ஆறு மணி நேரம் முடங்கின. பராமரிப்பின்போது இடப்பட்ட ஒரு கட்டளை அந்நிறுவனத்தின் முதுகெலும்பு வலையமைப்பைத் துண்டிக்க, டிஎன்எஸ் சேவையகங்கள் தங்கள் இருப்பிடத்தை அறிவிப்பதை நிறுத்திக்கொண்டன. பழுதைச் சரிசெய்ய வேண்டிய பொறியாளர்களின் கருவிகளும் அதே வலையமைப்பை நம்பியிருந்ததால் அவையும் செயலிழந்தன. ரவுட்டரை எட்டுவதற்கு முதன்மை இணைப்பைச் சாராத ஒரு தனி வழி, குறைந்தது ஒரு சிம் அட்டை மூலமான இணைப்பாவது வேண்டும் என்பதற்கு இதைவிட விலையுயர்ந்த எடுத்துக்காட்டு அரிது.

பொத்தானை அழுத்தும் அதிகாரம்

2021 பிப்ரவரி நிகழ்வுக்குப் பின் செபி கேட்ட முக்கியக் கேள்வி கேபிளைப் பற்றியது அல்ல. வர்த்தகம் ஏன் பேரிடர் மீட்பு மையத்துக்கு மாற்றப்படவில்லை என்பதே அது. இணைப்பு சில நிமிடங்களில் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை, மாற்றினால் வேறு சிக்கல் வருமோ என்ற அச்சம் ஆகிய இரண்டுக்கும் இடையே நேரம் கரைவது எந்த நிறுவனத்திலும் நிகழக்கூடியது. அடுத்த மாதமே செபி விதியைக் கடுமையாக்கியது. முக்கிய அமைப்பு ஒன்று தடைபட்டால் 30 நிமிடத்துக்குள் அதைப் பேரிடராக அறிவிக்க வேண்டும். அறிவித்த 45 நிமிடத்துக்குள் சேவையை மீட்க வேண்டும். தரவு இழப்பு 15 நிமிட அளவைத் தாண்டக் கூடாது.

இதனால் விளைந்த மாற்றத்தை முதலீட்டாளர்கள் நேரில் கண்டனர். 2024 மார்ச் 2, மே 18 ஆகிய சனிக்கிழமைகளில் பங்குச் சந்தைகள் சிறப்பு வர்த்தகம் நடத்தின. முதல் அமர்வு முதன்மை மையத்திலிருந்தும், இரண்டாவது அமர்வு பேரிடர் மீட்பு மையத்திலிருந்தும் உண்மையான பணத்துடன் நடைபெற்றது. காகிதத்தில் எழுதிய மாற்றுத் திட்டத்துக்கும், ஒருமுறையாவது இயக்கிப் பார்த்த மாற்றுத் திட்டத்துக்கும் உள்ள தொலைவு அதிகம். பல நிறுவனங்களில் துணை இணைப்பின் கட்டமைப்பு, அது நிறுவப்பட்ட நாளுக்குப் பின் எவராலும் தொடப்படாமலே கிடக்கிறது.

பங்குச் சந்தைக்கு உரிய செலவை மாவட்டக் கூட்டுறவு வங்கியோ ஐம்பது படுக்கை மருத்துவமனையோ செய்ய இயலாது. செய்ய வேண்டியதும் இல்லை. ஒரு மணி நேரம் இணைப்பு இல்லாவிட்டால் என்ன நின்றுபோகும் என்று முதலில் பட்டியலிட வேண்டும். அதில் உயிரோ பணமோ சம்பந்தப்பட்டவை சிலவே இருக்கும். அவற்றுக்கு மட்டும் இரு வேறு நிறுவனங்களின் பாதைகள். அவற்றில் ஒன்று நிலத்தடி இழையாகவும் மற்றது வானலை வழியாகவும் இருக்கலாம். மற்றவற்றுக்கு, இணைப்பு திரும்பும் வரை விண்ணப்பங்களைப் பெற்று வரிசையில் வைத்துக்கொள்ளும்படி மென்பொருளை எழுதினாலே போதும். அந்த ஏற்பாடு இருந்தால், கடனுக்கு விண்ணப்பித்தவரின் திரையில் "சற்று நேரம் கழித்து முயலவும்" என்பதற்குப் பதிலாக "விண்ணப்பம் பெறப்பட்டது" என்ற வாசகம் தோன்றும்.

இணைப்புக்கு ஒப்பந்தம் செய்யும் முன் இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களிடமும் கேபிள் செல்லும் வழியின் வரைபடத்தைக் கேட்டுப் பெற்று, ஒன்றன் மேல் ஒன்று வைத்துப் பார்ப்பது பெரிய செலவில்லாத வேலை. எந்தச் சாலையில், எந்தப் பாலத்தில் அவை சேர்கின்றன என்பது அப்போதே தெரிந்துவிடும். பின்னாளில் நிறுவனம் தன் வசதிக்காகப் பாதையை மாற்றினால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்ற வரியையும் ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.